மாமனாருக்கு ஒரு கேள்வி

விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் அம்முலு போட்ட ஒரு டிக். போன வாரம் நடந்தது அவ்வளவுதான். அதற்கே மானாம்பதியில் பூகம்பம் வந்திருக்க வேண்டும். இ-சேவை மையத்துப் பெண்ணைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்காததால் ஊர் தப்பித்தது.

கட்டத்துக்கு எதிரே அச்சிட்டிருந்தது: ‘கணவனால் கைவிடப்பட்டவர்.’

ஊர்ப் பால்வாடியில் ஒரே ஒரு டீச்சர் வேலை காலி. கணவனை இழந்தவர்களுக்கும், கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. அம்முலுவுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த வேலை கிடைத்தால் மகள் பூஜாவை அழைத்துக்கொண்டு தனியாக ஒரு வாடகை வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் மாமியார் வீட்டு அடுப்பு இருக்கிறது. அதற்கு மட்டும் வயது வரம்பு கிடையாது.

கணவன் வெங்கடேசன் ஓசூரில் வேலை பார்க்கிறான். இது வீட்டின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

மூன்று வருஷமாக லீவே கொடுக்காத கம்பெனி. பொங்கலுக்குக் கிடையாது, தீபாவளிக்குக் கிடையாது, மகளுக்குக் காது குத்தியபோதும் கிடையாது. அப்படிப்பட்ட கம்பெனியை ஊரில் ஒருத்தரும் திட்டவில்லை. அதிலிருந்தே ஊர் அந்தக் கதையை எவ்வளவு நம்பியது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்று இன்டர்வியூ.

காலையிலேயே வீட்டில் ஒத்திகை தொடங்கிவிட்டது. ஏற்பாடு, அம்முலுவின் கொழுந்தன் தினேஷ்குமார். இன்ஜினியரிங் முடித்தவன். இதுவரை போன எந்த இன்டர்வியூவிலும் தேறாதவன். ஆகவே பயிற்சி கொடுக்க முழுத் தகுதி உடையவன்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவனும் அவன் அப்பா முத்துவேலும். கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் அம்மா ராணியம்மாள். எதிரே ஸ்டூலில் அம்முலு.

“ஒரே ஆளு கேக்க மாட்டாங்க அண்ணி. மூணு பேரு இருப்பாங்க. பேனலு. ஒருத்தரு சிரிப்பாரு, ஒருத்தரு மொறைப்பாரு, ஒருத்தரு பேசவே மாட்டாரு. அந்தப் பேசாத ஆளுதான் டேஞ்சரு.”

“உன் நைனா பேசாத ஆளு. நான் மொறைக்கிறேன்” என்றாள் ராணியம்மாள். “அதுக்கு எனக்கு ஒத்திகை வேணாம்.”

“அம்மா, சும்மா இரு. அண்ணி, மொத கேள்வி எப்பவும் இதான். வணக்கம். உக்காருங்க. உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

“இன்னா தம்பி சொல்றது? இத்தினி வருசமா ஒரே வூட்ல கீறோம். தெரியாதா?”

“அப்பிடி இல்ல அண்ணி. கேக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சிக்கினு பேசணும்.”

“அது இந்த வூட்ல எல்லாருக்கும் நல்லா வரும்” என்றாள் அம்முலு.



தினேஷ்குமார் தொண்டையைச் செருமினான். “ரெண்டாவது. உங்க பலவீனம் இன்னா?”

“அத நான் சொல்றேன்” ராணியம்மாள் அண்டாவிலிருந்து பாதி எழுந்தாள். “கொழம்புல புளி. நேத்து வெச்சத நாக்குல வைக்க முடியல. அப்புறம் இந்த வாயி. மாமியா ஒண்ணு சொன்னா, ரெண்டு...”

“அம்மா, பேனல்ல இருந்தா பேனல் மாதிரி இரு.”

“பேனல் மாதிரிதான்டா கேக்கறேன். நான் கேக்கற கேள்விதான் அங்க கேப்பாங்க.” அவள் அம்முலுவின் பக்கம் திரும்பினாள். “புருசன் எங்க?”

“ஓசூர்ல வேலைல கீறாரு. லீவு கெடைக்கறதில்ல.”

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. நடுவில் மூச்சு இல்லை, யோசனை இல்லை. பூஜாவின் பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், தண்ணீர்க் குழாயடியில், எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பான பதில்.

“சூப்பரு அண்ணி. இதே மாதிரி எல்லாத்துக்கும் சொல்லிட்டா வேல உங்களுக்குத்தான்.”

பேசாத ஆளான முத்துவேல் எழுந்தார். “மோட்டாரு ஓடுதான்னு பாத்துட்டு வர்றேன்” என்று வெளியே போனார். கரன்ட் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

முத்துவேலுக்குப் பேச வராது என்று சொல்ல முடியாது. உரக்கடையோடு நன்றாகப் பேசுவார். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு உரக்கடையிலிருந்து போன் வரும். பாதிச் சோற்றில் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். உரக்கடை இவ்வளவு அக்கறையாகக் கூப்பிட்டும், போன ஐப்பசியில் யூரியா வாங்கப் போனவர் ஸ்டாக் இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். சட்டைக் காலரில் சந்தனம் இருந்தது. அம்முலுதான் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். உரக்கடையில் ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒத்திகை முடிந்ததும் அலங்காரம். அது ராணியம்மாளின் துறை.

“மூஞ்சிக்கு மஞ்ச பூசிக்கினு வா. மெட்டி தேஞ்சி கீது பாரு, இந்தா, என்னுத போட்டுக்க. தாலிய வெளிய எடுத்து வுடு. பூ எங்க?”

“இன்டர்வியூக்கு எதுக்கு அத்த இவ்ளோ பூ?”

“எதுக்கா? ஆபீசருங்க பாத்தவொடனே நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு தெரிய வேணாமா? போன தடவ மாகறல்லருந்து ஒருத்தி தலவிரி கோலமா போனாளாம். வேல கெடச்சுதா?”

கிடைத்தது என்று தினேஷ்குமார் சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கண்ணாடியில் கனகாம்பரமும் மஞ்சளுமாக ஒரு புதுப்பெண் நின்றாள். இவளை யாரும் எங்கேயும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று தலை முதல் கால் வரை சாட்சி வைத்து அனுப்பியிருந்தாள் மாமியார்.

அம்முலு ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். உள்ளே மூன்று அதிகாரிகள் மட்டும்தான். மாமனார் வெளியே மரத்தடியில் இருப்பார். உள்ளே உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். சொன்னது சுவருக்குள் இருக்கும், வேலை மட்டும் வெளியே வரும்.

அந்த ஒரு வரியைத் தனியாகப் பழகிப் பார்த்தாள், கொதிக்கிற உலையின் முன்னால். “என் வூட்டுக்காரரு என்ன வுட்டுட்டு...” அதற்கு மேல் வரவில்லை. உலை பொங்கியது. மூடியை எடுத்துவிட்டு அரிசியைக் கிளறினாள்.

*

மருமகள் தனியாகப் போகக்கூடாது என்பதால் முத்துவேல் கூட வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் சொந்த நிலத்து வேர்க்கடலை.

“இது எதுக்கு மாமா?”

“ஆபீசருங்களுக்கு.”

“அதெல்லாம் வாங்க மாட்டாங்க.”

“வாங்கலன்னா நாம துன்னலாம்” என்றார். பேருந்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

உத்திரமேரூர், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர். குடத்தில் ஒரு வசதி, அது கேள்வி கேட்காது. இப்போது ஒன்றிய அலுவலக வளாகத்தில் ஒரு அறை, அறைக்குள் மூன்று பேர், வெளியே வராந்தா நிறையப் பெண்கள். எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் உறை. சிலர் ஊட்டச்சத்து பற்றி உதட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூசணிக்காயில் என்ன வைட்டமின் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் சொல்லவில்லை. போட்டி.

பெஞ்சின் கோடியில் தேவகி உட்கார்ந்திருந்தாள். அதே மானாம்பதி, பக்கத்துத் தெரு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன், போன வருஷம் லாரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அம்முலுவின் பூவைப் பார்த்தாள், மெட்டியைப் பார்த்தாள், கடைசியாக முகத்தைப் பார்த்தாள்.

“நீயுமா?”

“ஆமா தேவகி.”

“ஓசூர்காரரு சொகமா கீறாரா?”

“கீறாரு.”

“நல்லது. பூவும் உனக்கே, வேலையும் உனக்கேன்னு கேக்க வந்துகீற.”

அம்முலு மரத்தடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மாமனார் குந்தி உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நானும் அந்த முன்னுரிமைலதான் போட்டுகீறேன்.”

தேவகியின் முகத்திலிருந்து கேலி இறங்கியது. அது இறங்கிய இடத்தில் வேறொன்றும் ஏறவில்லை.

“சர்டிபிகேட்டு?”

“இல்ல. உன் புருசன் வூட்டுப் பெரியவங்க யாருனா வந்து சொல்லட்டும்னு வி.ஏ.ஓ. சொல்லிட்டாரு. நான் யாரக் கேக்கறது?”

தேவகி தன் பிளாஸ்டிக் உறையைத் தடவிக் கொடுத்தாள். “செத்துப் போனவருக்கு சர்டிபிகேட்டு குடுத்துடறாங்க. வுட்டுட்டுப் போனவருக்கு யாரு குடுப்பாங்க? அந்த வெசயத்துல என் ஆளு தங்கம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்திருந்தது. ஒரே ஒரு வேலை, இரண்டு பேர், ஒரே பெஞ்ச். இருவரும் கொஞ்சம் நகர்ந்து நன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் தேவகியைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முந்தானை நனைந்திருந்தது.

“இன்னா கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கல. தண்ணி குடிக்கச் சொன்னாங்க.”

அடுத்து அம்முலு.

*

தினேஷ்குமார் சொன்னது சரிதான். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, சிரித்தார். வலப்பக்கம் ஒரு டாக்டர், முறைத்தார். இடப்பக்கம் பேனா பிடித்த ஒருவர், பேசவில்லை.

“உட்காரும்மா. உன்னைப் பத்திச் சொல்லு.”

பேர், படிப்பு, ஊர். நாக்கு ஒழுங்காக நடந்தது.

“அம்முலுன்னா கூப்பிடற பேரா?”

“சர்டிபிகேட்லயும் அதான் மேடம். எங்க அப்பா கூப்பிட்டத வாத்தியாரு எழுதிட்டாரு.”

கண்ணாடிக்கார அம்மா இன்னொரு தடவை சிரித்தார். டாக்டர் கேட்டார்: “ஒரு குழந்தை சத்துமாவு உருண்டையைச் சாப்பிட மாட்டேங்குது. என்ன செய்வீங்க?”

“பக்கத்துல நல்லா துன்ற கொயந்தையா பாத்து உக்கார வெப்பேன் சார். நாம ஊட்டினா துப்பும். பக்கத்துல ஒண்ணு துன்னா, அதுக்கு முன்னாடி தீத்துடும்.”

டாக்டரின் முறைப்பு பாதியாகக் குறைந்தது. “குழந்தைக்கு எடை ஏறலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“மாசாமாசம் எடை போடணும் சார். அதுக்கு முன்னாடியே அரணாக்கொடி சொல்லிடும். போன மாசம் இருந்த எடத்துலயே லூசா நின்னா, ஏறலன்னு அர்த்தம்.”

டாக்டர் தலையாட்டினார். இப்போது முறைப்பே இல்லை. அம்முலுவுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. வேலை கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல் இருப்பதுபோல் இருந்தது.

அப்போது பேசாத ஆள் பேசினார். விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கணவர் எங்கே இருக்கார்?”

“ஓசூர்ல வேலைல கீறாரு. லீவு கெடைக்கறதில்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அம்முலுவுக்குக் கேட்டது. வாய் தன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டிருந்தது. மூன்று வருஷமாக ஓட்டிய வண்டி, பிரேக் எங்கே என்று தேடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

பேனாக்காரர் இப்போது தலையைத் தூக்கினார். பூவைப் பார்த்தார். “இங்கே கைவிடப்பட்டவர்னு டிக் போட்டிருக்கு. சான்றும் இணைக்கலை.”

“அது... பயக்கத்துல வந்துடுச்சி சார்.”

“எது? டிக்கா, பதிலா?”

“பதிலு சார். எல்லாரும் கேப்பாங்க. இப்பிடித்தான் சொல்லணும் வூட்ல. காலைலகூட...” கை தானாகக் கனகாம்பரத்துக்குப் போனது. “இதுகூட என் மாமியாதான் வெச்சி வுட்டாங்க.”

“பூ வெச்சிக்கிறதெல்லாம் நமக்குக் கேள்வி இல்லைம்மா” என்றார் கண்ணாடிக்கார அம்மா. இப்போது சிரிக்கவில்லை. “ஆனா ஒரே ஒரு இடம். வெளியே கணவர் இறந்தவங்க இருக்காங்க. நீ வாயாலயே அவர் வேலையில இருக்கார்னு சொல்றே. நாங்க எதை எழுதறது? சான்றுக்கு அப்புறம் நேரம் தரலாம். இப்போ உன் கணவர் வீட்டுப் பக்கம் பெரியவங்க யாராவது சொன்னா, அதை எழுதி வெச்சுக்கறோம். யாராவது கூட வந்திருக்காங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஜன்னல் வழியாக மரத்தடி நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் பையும் தெரிந்தது.

“எங்க மாமனாரு” என்றாள்.

*

அலுவலக உதவியாளர் கூப்பிட்டதும் முத்துவேல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். போனை அணைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று உதவியாளர் சொல்ல, அணைக்கத் தெரியாத முத்துவேல் அதை வேர்க்கடலைக்குள் புதைத்துக்கொண்டு வந்தார்.

அம்முலு எழுந்து சுவரோரம் நின்றாள். அவள் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்தார். காலையில் பேனலில் இருந்தவர்.

பையை மேசை மேல் வைத்தார். “நம்ம நெலத்துக் கடலைங்க.”

“அதைக் கீழே வைங்க பெரியவரே.”

கீழே வைத்தார்.

“உங்க பையன் எங்கே இருக்கார்?”

அம்முலு தரையைப் பார்த்தாள். அவர் சொல்லப்போகும் பதிலை அவள் மனத்துக்குள் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டாள். ஓசூர். வேலை. லீவு. அதோடு முடிந்தது. பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சாயங்காலம் புளி கொஞ்சம் குறைத்துப் போடவேண்டும்.

முத்துவேல் மனைவியிடம் பொய் சொல்வார், ஊரிடம் சொல்வார், கோயிலில் அர்ச்சனைக்கு மகன் நட்சத்திரம் கேட்டால் அங்கேயும் கூசாமல் ‘க்ஷேமமா’ என்று சேர்த்துச் சொல்வார். ஆனால் எழுதிக்கொள்ளத் தயாராக நிற்கும் பேனாவின் முன்னால் அவருக்குப் பொய் வராது. பத்திர ஆபீசிலும் பம்புசெட் மனுவிலும் வாழ்நாள் முழுக்கப் பயந்தவர். எழுதிவிட்டால் அழிக்க முடியாது என்று நம்புகிறவர்.

பேனாவைப் பார்த்தார். சுவரோரம் பார்த்தார். மறுபடி பேனாவைப் பார்த்தார்.

“வாலாஜாபாத்துல” என்றார்.

அம்முலு நிமிர்ந்தாள். வாய் தவறி வந்துவிட்டது என்று நினைத்தாள். தனக்கு வந்ததுபோல.

“அங்கே என்ன செய்யறார்?”

“கம்பெனிக்குப் போறான்.”

“ஓசூர்னு சொன்னாங்களே உங்க மருமகள்?”

“அதுக்குத் தெரியாதுங்க. நாங்க சொன்னத சொல்லுது.”

மானாம்பதியிலிருந்து வாலாஜாபாத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. போன மாதம் பூஜாவுக்குச் செருப்பு வாங்க அம்முலு அங்கே போயிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று கரும்புச்சாறு குடித்தாள்.

“இவங்களைப் பார்க்க வர்றாரா?”

“இல்லீங்க.”

“செலவுக்கு ஏதாவது?”

“இல்லீங்க.”

“திரும்பி வர வாய்ப்பு இருக்கா?”

முத்துவேலுக்கு இது கஷ்டமான கேள்வி இல்லை. ஆமாம், இல்லை என்று முடித்திருக்கலாம். ஆனால் வரப்பில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் தண்ணீர் தானாகப் பெரிசாக்கிக்கொள்ளும்.

“எங்க சார் வர்றது? அங்க வேற குடும்பமாகிப்போச்சி. கொயந்த கீது. பொட்டப் புள்ள. ஐப்பசில பேரு வெச்சாங்க. நான் போயிருந்தேன். போவாம இருக்க முடியில, பெத்த புள்ளயாச்சே... இத்த வூட்ல எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம...”

“போதும் பெரியவரே” என்றார் கண்ணாடிக்கார அம்மா. அவர் முத்துவேலைப் பார்க்கவில்லை, சுவரோரம் பார்த்தார். “அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்க.”

அம்முலு தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. ஐப்பசி. யூரியா. காலரில் சந்தனம். அந்தச் சந்தனம் சட்டையைவிட்டுச் சீக்கிரம் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டாள்.

பேனாக்காரர் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார். முத்துவேல் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தில் அம்முலு போட்ட டிக்குக்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது. பேனல் இன்டர்வியூவில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும் என்று தினேஷ்குமார் சொல்லியிருந்தான். முத்துவேல் கடைசி வரை மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“முடிவு பிறகு தெரிவிப்போம். பதில்லாம் நல்லா சொன்னீங்கம்மா” என்றார் டாக்டர்.

வராந்தாவில் தேவகி இன்னும் போகாமல் இருந்தாள். மாமனாரை உள்ளே கூப்பிட்டதைப் பார்த்திருந்தாள். இருவரின் முகத்தையும் பார்த்தாள்.

“உனக்கும் ஆதாரம் கெடச்சிடுச்சா?”

“கெடச்சிடுச்சி.”

தேவகி எழுந்து உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாழ்த்தவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அம்முலுவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

*

பேருந்து நிலையத்துக்கு இருவரும் நடந்தார்கள். வழக்கமாக மாமனாருக்கு இரண்டடி பின்னால் வருகிறவள் இன்று முன்னால் போனாள். முத்துவேலின் செருப்பு மட்டும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்முலுவின் போன் அடித்தது. மாமியார். ஸ்பீக்கரைப் போட்டு, திரும்பி, முத்துவேலின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இன்னா, முடிஞ்சிதா? எல்லாத்துக்கும் பதிலு சொன்னாளா?” ராணியம்மாளின் குரலில் எண்ணெயில் தாளிக்கிற சத்தம். “புருசன் எங்கன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க” என்றார் முத்துவேல்.

“கரீட்டா சொன்னாளா?”

“கரீட்டா சொல்லிட்டோம்.”

“அப்ப வேல நமக்குத்தான். வரும்போது கத்திரிக்கா வாங்கிக்கினு வாங்க.” போன் அணைந்தது.

நிலையத்தில் மானாம்பதி பஸ் இன்னும் வரவில்லை. சிமென்ட் பெஞ்சில் அம்முலு உட்கார்ந்தாள். முத்துவேல் உட்காரவில்லை. வெயிலில் நின்றார்.

“இன்னா பேரு வெச்சாங்க?” என்று கேட்டாள்.

“எதும்மா?”

“பேரு வெக்கத்தானே போனீங்க மாமா. அந்தக் கொயந்தைக்கி இன்னா பேரு?”

முத்துவேல் தொலைவில் ஏதோ ஒரு பஸ்ஸின் பலகையைப் படிப்பதுபோல் பார்த்தார். பிறகு மஞ்சள் பையை அவள் பக்கத்தில் வைத்தார்.

“டீ சாப்புட்றியாமா? வாங்கியாறேன்.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். டீக்கடை எதிரிலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். அடுத்த கடையையும் தாண்டினார். ஒரு பூட்டிய கடையின் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்முலு தலையிலிருந்து கனகாம்பரத்தை எடுத்து மடியில் வைத்தாள். மெட்டியைக் கழற்றப் பார்த்தாள். மாமியாரின் மெட்டி, இறுக்கம், வரவில்லை. விட்டுவிட்டாள்.

சாப்பாட்டு நேரம். நிலையத்துக் கடைகளில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

பைக்குள் வேர்க்கடலை நடுங்கியது. பிறகு அடித்தது.

கையை விட்டுத் துழாவினாள். பட்டன் போன். திரையில் தமிழில் ஒரு பேர் மின்னி மின்னி மறைந்தது.

‘உரக்கடை.’

அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துவேலுக்கு இந்தப் போனை அணைக்கக்கூடத் தெரியாது. இதில் தமிழில் பேர் பதிந்து வைக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒரே ஒருத்தன்தான். ‘கேக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சிக்கினு பேசணும் அண்ணி’ என்று காலையில் சொன்னவன்.

காலையில் தன் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குப் பதில் தெரியும். அண்டாவின் மேல் இருந்த மூன்றாவது ஆள்? தன் காலில் இருந்து மெட்டியைக் கழற்றி அம்முலுவின் விரலில் மாட்டிவிட்டவள்?

போன் நிற்கவில்லை. உரக்கடைக்கு இன்று என்னவோ அவசரம்.

தூரத்தில் முத்துவேல் சத்தம் கேட்டுத் துண்டை விலக்கித் திரும்பினார். பையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவர ஆரம்பித்தார்.

அம்முலு பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள்.

“நைனா... சாப்ட்டியா?”

மூன்று வருஷமாகக் கேட்காத குரல். கொஞ்சமும் மாறவில்லை. அதன் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது.

அம்முலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரி செய்துகொண்டாள். காலையில் ஒத்திகையில் கேட்ட முதல் கேள்வி, தானாக வந்தது.

“வணக்கம். உக்காருங்க. உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”